கேம் பிளானா, களத்தில் மாற்றமா? சூப்பர் பவுல் 59-ஐ வைத்து ஒரு விவாதம்

ஒரு வாசகரின் கேள்வி, 10 பிப்ரவரி 2025

காலை 5 மணிக்கே எழுந்து அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி, சூப்பர் பவுல் பார்த்தேன். இடைவேளையில் ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் 0. சீஃப்ஸின் ஆண்டி ரீட் மாதிரி ஒரு கோச் உள்ளே போய் எதையாவது மாற்றிக்கொண்டு வருவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் மாறவில்லை. 40–22. கேம் பிளான் எல்லாம் முதல் பத்துப் பதினைந்து பிளேக்குத்தான் (ஒரு முறை பந்தை எடுத்து ஆடுவது ஒரு பிளே), அதற்குப் பிறகு ஜெயிப்பது களத்தில் மாற்றத் தெரிந்தவர்தான் என்பது என் கட்சி. ரீட் அதில் கோட்டைவிட்டார். சரிதானே?

10 பிப்ரவரி, இரவு

தம்பி, பாதி சரி. அந்தப் பாதியும் நீங்கள் சொல்லும் காரணத்தால் இல்லை.

நேற்று ஈகிள்ஸின் டிஃபென்ஸ் கோச் விக் ஃபாஞ்சியோ ஆட்டம் முழுக்க ஒரு பிளிட்ஸ்கூட, அதாவது பந்தை எறிபவர்மேல் பாயக் கூடுதல் ஆள் ஒருவரைக்கூட, அனுப்பவில்லை. முன்வரிசையில் நால்வர் மட்டும் பாய்ந்தார்கள், சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மஹோம்ஸ் 6 முறை சாய்க்கப்பட்டார். நால்வரே போதும் என்றால் மீதி ஏழு பேரும் பின்னால் நின்று பந்தை வாங்கும் ரிசீவர்களை மூடிக்கொள்ளலாம். பிளிட்ஸ் வந்தால் அதற்கு மருந்து உண்டு: பாய்ந்தவன் விட்டுவந்த இடத்துக்கு உடனே பந்தை எறிவது. வராத பிளிட்ஸுக்கு என்ன மருந்து?

சீஃப்ஸின் ஓட்டை முன்பே தெரிந்த ஓட்டை. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் ஜோ துனி உள்பக்கம் நிற்கும் கார்டு. ஓரத்தில் நிற்கும் இடது டாக்கிளுக்கு நம்பகமான ஆள் இல்லாததால் சீசனின் பின்பகுதியில் அவரை அங்கே நகர்த்தினார்கள். ஃபாஞ்சியோவின் திட்டமே அந்த வரிசையை நால்வரால் உடைக்க முடியும் என்ற கணக்கில்தான் நின்றது. பந்தி நடக்கும்போது சமையல்காரர் உப்பைக் கூட்டலாம், வாங்காத காயில் கூட்டு வைக்க முடியாது. இடைவேளையில் ரீட் கையில் புது டாக்கிள் கிடையாது.

இதே ஆட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். சீஃப்ஸ் டிஃபென்ஸின் முதல் வேலை ஈகிள்ஸின் ரன்னிங்பேக் (பந்தோடு ஓடுபவர்) சாக்வான் பார்க்லியை அடக்குவது. வழக்கமான சீசனில் 2,005 யார்டு ஓடிய மனிதர் நேற்று 25 ஓட்டத்தில் 57 யார்டு. திட்டம் பலித்தது, ஆட்டம் போனது. ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 பாஸில் 17-ஐச் சேர்த்து 221 யார்டு எடுத்தார், அதுபோக ஓடி 72.

11 பிப்ரவரி

இடைவேளை பற்றித் தனியாக ஒரு வரி. வழக்கமான என்எஃப்எல் ஆட்டத்தில் அது 12–13 நிமிடம். நடந்து உள்ளே போக, கழிப்பறை, தண்ணீர், காயத்துக்குக் கட்டு, திரும்பி நடக்க. 18 சீசன் என்எஃப்எல்லில் இருந்த பேட்டன் மேனிங், இடைவேளையில் தான் எதையும் மாற்றியதே இல்லை என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னவர். ஆட்டத்தின் நடுவிலேயே அதிகம் மாற்றியவர் என்று நாம் கொண்டாடும் குவார்ட்டர்பேக் அவர். மாற்றம் நடப்பது பெஞ்சில், ஒரு சீரிஸுக்கும் (ஓர் அணியிடம் தொடர்ந்து பந்து இருக்கும் நேரம்) அடுத்த சீரிஸுக்கும் நடுவே. 2014 முதல் பெஞ்சில் டேப்லெட் உண்டு, ஒவ்வொரு பிளேயின் நிழற்படமும் உடனே வந்துவிடும். அதற்கு முன் அதே படங்கள் காகிதத்தில் அச்சாகி வந்தன. ஆக, இடைவேளைவரை காத்திருக்கும் கோச் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

11 பிப்ரவரி, பின்னிரவு

"முதல் பதினைந்து பிளேக்குத்தான் திட்டம்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பில் வால்ஷ். சின்சினாட்டியில் உதவி கோச்சாக இருந்தபோது முதல் சில பிளேக்களை முன்கூட்டியே எழுதிவைக்கத் தொடங்கியவர், 49-யர்ஸில் அதை 25 வரை நீட்டினார். ஆனால் அந்தப் பட்டியல் முழுத் திட்டம் ஆகாது. அதற்குப் பெரிய பயன், எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்ப்பது. இப்படி அணிவகுத்து நின்றால் டிஃபென்ஸின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கர் எங்கே நகர்கிறார், மோஷனில் ஒருவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டால் யார் கூட ஓடுகிறார்கள், இதையெல்லாம் ஸ்டேடியத்தின் மேல்தள அறையில் இருக்கும் உதவி கோச் குறித்துக்கொள்வார். பின்னால் வரும் மாற்றங்களுக்கு வேண்டிய தகவலைச் சேகரிக்கும் வேலையை அந்த 25 பிளேக்கள் செய்கின்றன. மாற்றத்துக்கு இடம் வைப்பதே திட்டத்தின் ஒரு பகுதி.

ஒரு வாரத்தின் நடையையும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தார்கள். திங்கள் முடிந்த ஆட்டத்தின் படம். செவ்வாய் வீரர்களுக்கு ஓய்வு, கோச்களுக்கு நள்ளிரவு வரை வேலை. புதன் முதல் இரண்டு டவுனுக்கான பிளேக்கள் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்), வியாழன் மூன்றாம் டவுன், வெள்ளி கோல் கோட்டுக்குப் பக்கத்து 20 யார்டு, சனி நடைப் பயிற்சி. அணிக்கு அணி கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான். ஞாயிறு கோச் வாயருகே பிடித்திருக்கும் அந்தப் பெரிய அட்டையில் இவ்வளவும் கட்டம் கட்டமாக இருக்கும். "இரண்டு சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) ஆழத்தில் நின்றால்" என்று ஒரு கட்டம், "14 புள்ளி பின்தங்கினால்" என்று ஒரு கட்டம். நாம் டிவியில் மாற்றம் என்று பார்ப்பது பெரும்பாலும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குக் கண் தாவுவதுதான்.

12 பிப்ரவரி

இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் இதே இரு அணிகளின் 2023 சூப்பர் பவுல். இடைவேளையில் ஈகிள்ஸ் 24–14 முன்னிலை. நான்காம் குவார்ட்டரில் சீஃப்ஸ் இரண்டு டச்டவுன் (பந்தை கோல் கோட்டுக்குள் சேர்ப்பது) அடித்தார்கள், கடேரியஸ் டோனி 5 யார்டு, ஸ்கை மூர் 4 யார்டு. இரண்டு பேருமே உள்நோக்கி மோஷனில் ஓடுவதுபோல் போக்குக் காட்டிச் சட்டென்று வெளியே திரும்பினார்கள். இரண்டு முறையும் பக்கத்தில் ஒரு டிஃபெண்டர் இல்லை, நடந்தே போனார்கள். மறுநாள் எல்லோரும் எழுதியது: "ரீட் இடைவேளையில் செய்த மாற்றம்". நடந்தது வேறு. அந்த சீசனின் தொடக்கத்தில் ஜாக்ஸன்வில் அணி ஈகிள்ஸுக்கு எதிராக இதே போக்குக் காட்டி ஒரு டச்டவுன் எடுத்திருந்தது. அந்தப் படத்தை சீஃப்ஸ் கோச்கள் பார்த்து, மோஷன் வந்தால் ஓரத்தில் ரிசீவர்களை மூடும் ஈகிள்ஸ் கார்னர்கள் எப்படி ஆள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று பிடித்து, அந்த பிளேயை வைத்திருந்தார்கள். வெளியே எடுத்தது இரண்டாம் பாதியில், செய்து வைத்தது ஆட்டத்துக்கு முன்னால்.

2015 ஜனவரி ப்ளேஆஃபில் பேட்ரியட்ஸ், ரேவன்ஸுக்கு எதிராகச் செய்ததும் இந்த வகைதான். இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கினார்கள். அப்போதுதான் வழக்கமான ஐந்துக்குப் பதில் நான்கு லைன்மேனோடு நின்று, ரன்னிங்பேக் ஷேன் வெரீனை பாஸ் வாங்கத் தகுதி இல்லாதவராக அறிவித்து, யாரை மூடுவது என்று தெரியாமல் ரேவன்ஸைத் திணறடித்தார்கள். ரேவன்ஸ் கோச் ஜான் ஹார்பா கோபத்தில் களத்துக்குள் வந்து பெனால்டி வாங்கினார். பேட்ரியட்ஸ் 35–31. அப்படி ஒன்றை அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்துப் பயிற்சி செய்திருக்க வேண்டும்.

13 பிப்ரவரி

"அப்படியானால் உண்மையான மாற்றம் என்று ஒன்றே இல்லையா அண்ணா?" இருக்கிறது. 30 ஜனவரி 2022, ஏரோஹெட் ஸ்டேடியம், பெங்கால்ஸ் எதிர் சீஃப்ஸ்.

முதல் மூன்று சீரிஸிலும் மஹோம்ஸ் டச்டவுன். 21–3. பெங்கால்ஸ் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் லூ அனரூமோ இரண்டாம் பாதியில் மூவரை மட்டும் பாயவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தத் தொடங்கினார். மஹோம்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றார், நின்றார், அந்த மூவரே கடைசியில் எட்டிப் பிடித்தார்கள். இரண்டாம் பாதியும் கூடுதல் நேரமும் சேர்ந்து சீஃப்ஸுக்கு 3 புள்ளி. பெங்கால்ஸ் 27–24.

இதிலும் ஒரு முன்கதை உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்தது. நான்கு வாரத்துக்கு முன், ஜனவரி 2 அன்று, இதே இரு அணிகள் சின்சினாட்டியில் மோதின. முதல் பாதியில் சீஃப்ஸ் 28, இரண்டாம் பாதியில் 3. பெங்கால்ஸ் 34–31. மஹோம்ஸை இரண்டாம் பாதியில் திணறவைக்க முடியும் என்பதை அனரூமோவின் ஆட்கள் ஒரு முறை செய்தே பார்த்திருந்தார்கள். இதை மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் மூன்று சீரிஸில் வைத்த திட்டம் நொறுங்கியது, அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனார். அந்த விடும் துணிச்சல் எல்லா கோச்சுக்கும் வராது.

14 பிப்ரவரி

மேலே எழுதியதைப் படித்தவர் ஒருவர், பேட்ரியட்ஸ் 2019-இல் ராம்ஸை 13–3 என்று வென்ற சூப்பர் பவுலை நினைவூட்டினார். பார்வையாளர்கள் பலர் அலுப்பான ஆட்டம் என்று ஒதுக்கியது. இந்த விவாதத்துக்கு அதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டும் அதில் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன.

டிஃபென்ஸ் பக்கம் முழுக்கத் திட்டம். சீசன் முழுக்க ஆளுக்கு ஆள் மூடி ஆடிய பேட்ரியட்ஸ், அன்றைக்குப் பெரும்பாலும் சோனில், அதாவது ஆளுக்குப் பதில் இடத்தைக் காத்து, நின்றார்கள். முன்னால் கோட்டில் ஆறு பேரை அகலமாக வைத்தார்கள். ராம்ஸ் கோச் ஷான் மெக்வேயின் அஃபென்ஸ் வெளிப்பக்க ஓட்டத்தையும், அதே ஓட்டம்போல் நடித்து எறியும் பாஸையும் நம்பியது. ஆறு பேர் கோட்டை நிரப்பினால் அந்த ஓட்டம் சாகும், ஓட்டம் செத்தால் நடிப்பும் செல்லாது. இந்த யோசனை முதலில் வெளிச்சமானது 2018 டிசம்பரில், ராம்ஸை 15–6 என்று சிகாகோ பேர்ஸ் மடக்கியபோது. அந்த பேர்ஸ் டிஃபென்ஸை நடத்தியவர் இதே விக் ஃபாஞ்சியோ. சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 32.9 புள்ளி எடுத்த அணி, சூப்பர் பவுலில் முதல் எட்டு சீரிஸிலும் பந்தை உதைத்துக் கொடுத்தது. தன்னை பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிச்சிக் கோச்சிங்கில் தோற்கடித்துவிட்டார் என்று மெக்வே அன்றிரவே சொன்னார். என் கண்ணில் அவர் மதிப்பு அன்று கூடியது.

அஃபென்ஸ் பக்கம் வேறு கதை. பேட்ரியட்ஸும் மூன்று குவார்ட்டரில் 3 புள்ளிதான். நான்காம் குவார்ட்டரில் 3–3 என்று நிற்கும்போது பேட்ரியட்ஸ் அஃபென்ஸ் கோச் ஜாஷ் மெக்டேனியல்ஸ் இரண்டு ரன்னிங்பேக், இரண்டு டைட் எண்ட் (பாஸும் வாங்கும் கனமான ஆட்கள்) என்று கனமான ஆட்களைக் களமிறக்கினார். எதிரே ராம்ஸும் கனமான லைன்பேக்கர்களை இறக்கினார்கள். உடனே குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அந்த நால்வரையும் ரிசீவர் எடல்மேனையும் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தினார், பின்னால் தனியே அவர் மட்டும். கார்னர்கள் நிற்கவேண்டிய இடத்தில் லைன்பேக்கர்கள், எடல்மேனுக்கு எதிரே லைன்பேக்கர். கிராங்கௌஸ்கிக்கு 18 யார்டு, எடல்மேனுக்கு 13, பர்க்ஹெட்டுக்கு 7, மறுபடி கிராங்கௌஸ்கிக்கு 29, சோனி மிஷெல் 2 யார்டு ஓடி டச்டவுன். ஐந்து பிளே, 69 யார்டு. பாஸ்களில் மூன்று ஒரே பிளே, அடுத்தடுத்து. அந்த ஆட்களோடு அந்த பிளேயை அந்த வாரம் பயிற்சியில் செய்யவே இல்லை.

15 பிப்ரவரி

நேற்று எழுதியது என்னை விடவில்லை. எல்லாம் செவ்வாய்க்கிழமையே தீர்மானமாகிவிடுகிறது என்ற என் வாதத்தை இந்த 69 யார்டு கொஞ்சம் இழுக்கிறது. வாரத் திட்டத்தில் இல்லாத ஒன்று வேலை செய்தது. எப்படி? அந்த பிளே பிரேடியின் அணியில் பல ஆண்டுகளாகப் புழங்கியது. ஆட்கள் புதிது, நிற்கும் இடம் புதிது, ஓடும் பாதை பழையது. பதினொரு பேரில் யாருக்கும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

ஆகவே என் கணக்கை இப்படி வைக்கிறேன்: களத்தில் மாற்றுவதற்கு எல்லை இருக்கிறது. அந்த எல்லை அந்த வாரத்தின் திட்டத்தோடு முடியாது, அணி சேர்ந்து ஆடிய ஆண்டுகள் வரை நீளும். 2017 சூப்பர் பவுலில் நான்காம் குவார்ட்டரில் பேட்ரியட்ஸ், டச்டவுனுக்குப் பிறகான இரண்டு புள்ளி முயற்சியில், பிளேயைத் தொடங்கும் ஸ்நாப்பைக் குவார்ட்டர்பேக்குக்குத் தராமல் ரன்னிங்பேக் ஜேம்ஸ் வைட்டிடம் நேரடியாகக் கொடுத்தார்கள் அல்லவா? அதே தந்திரத்தை 2004 சூப்பர் பவுலில் கெவின் ஃபாக் செய்தார். நடுவே 13 ஆண்டு.

இளம் அணிகள் பின்தங்கினால் எழ முடியாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களிடம் இந்த வாரம் மட்டும்தான் இருக்கிறது.

16 பிப்ரவரி

நானிருக்கும் டெக்சஸ் ஊரில் மகனின் பள்ளி அணிக்கு வெள்ளிக்கிழமை இரவுகளில் கேமரா பிடிப்பது என் வேலை. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கும் படம் நேராக கோச்சின் திரைக்குப் போகும். சூப்பர் பவுலோடு ஒப்பிடக்கூடாது, தெரியும். ஆனால் அங்கேதான் மாற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தேன். படம் பார்த்து கோச் கண்டுபிடிப்பது ஒரு பங்கு. பெரும் பங்கு, மூச்சிரைக்க பெஞ்சுக்கு வரும் லைன்மேன் பையன் சொல்வது: "அந்த ஆள் ஓட்டம் என்றால் கையை ஊன்றி நிற்கிறான், பாஸ் என்றால் எழுந்து நிற்கிறான்." கோச் உடனே அட்டையைத் திருப்புவார். ஒரே ஒரு விஷயம்தான் மாற்றுவார். இரண்டு விஷயம் சொன்னால் பையன்கள் இரண்டையும் மறந்துவிடுவார்கள்.

பெரியவர்களிடமும் இதுதான் நடக்கிறது. 2020 சூப்பர் பவுலில் சீஃப்ஸ் 20–10 பின்தங்கி, மூன்றாம் டவுனில் 15 யார்டு தேவைப்பட்டபோது, அந்த நீண்ட பிளேக்கு நேரம் கிடைக்குமா என்று கேட்டது மஹோம்ஸ்தான். பக்கவாட்டில் அஃபென்ஸ் கோச் எரிக் பியெனமியிடம் கேட்டார். டைரீக் ஹில்லுக்கு 44 யார்டு. எப்படி மூடுகிறார்கள் என்று களத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிந்தது.

கோச்சின் குரலும் எப்போதும் காதில் இருக்காது. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் வரும் ரேடியோ, அடுத்த பிளேயைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் பிளே கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது துண்டிக்கப்படும். அதன் பிறகு எதிரணி இடம் மாறினால் அவர் தனி.

18 பிப்ரவரி

அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னிலையில் இருந்தும் பேட்ரியட்ஸிடம் தோற்ற சூப்பர் பவுல் பற்றி நான் ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2017, ஹூஸ்டன். பேட்ரியட்ஸ் செய்த மாற்றத்தால் வந்த வெற்றி என்று சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். பேட்ரியட்ஸ் ஆடிய பிளேக்கள் 93. ஃபால்கன்ஸ் 46. நாலு பேர் பாய்ந்து, மீதிப்பேர் ஆளுக்கு ஆள் ஓடி மூடும் டிஃபென்ஸ் 93 பிளே தாங்காது. ஜேம்ஸ் வைட் 14 கேட்ச் பிடித்தார் என்றால், துரத்தவேண்டிய லைன்பேக்கரின் கால்கள் போய்விட்டன என்று அர்த்தம்.

என் மனசை உறுத்துவது ஃபால்கன்ஸ் மாற்றாததுதான். 28–20, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஃபால்கன்ஸ் ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸ் கோட்டோரம் ஒரு அசாத்தியமான கேட்ச் பிடித்து பந்தை 22 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று முறை பந்தோடு நடுவில் விழுந்தாலே ஃபீல்டு கோல் (3 புள்ளி தரும் உதை) எடுத்து 11 புள்ளி முன்னிலை. ஃபால்கன்ஸ் அஃபென்ஸ் கோச் கைல் ஷனஹன் பாஸுக்குப் போனார். பேட்ரியட்ஸின் டிரே ஃபிளவர்ஸ் குவார்ட்டர்பேக்கை 12 யார்டு பின்னால் சாய்த்தார், அடுத்த பிளேயில் ஹோல்டிங் பெனால்டி, உதைக்கும் தூரமே போய்விட்டது. சீசன் முழுக்க எதிரணிகளைக் கிழித்த அஃபென்ஸ் அது, அதைக் கட்டிய மனிதர் அதையே நம்பினார். திட்டம் எவ்வளவு அழகோ அவ்வளவு கஷ்டம் அதைக் கீழே வைப்பது. தம்பி, உங்கள் கட்சிக்கு நான் தரக்கூடிய முழுப் புள்ளி இந்த ஆட்டம்தான்.

19 பிப்ரவரி

திட்டத்தின் பக்கம் எடை அதிகம் வைக்கிறேன் என்ற புகார் நியாயம். வைக்கிறேன். 1991 சூப்பர் பவுல், ஜயன்ட்ஸ் எதிர் பஃபலோ பில்ஸ். அப்போது ஜயன்ட்ஸ் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரான பெலிச்சிக், பில்ஸின் ரன்னிங்பேக் தர்மன் தாமஸ் 100 யார்டு ஓடினால்தான் நாம் ஜெயிப்போம் என்று தன் வீரர்களிடம் சொன்னார். ஓட்டத்தைத் தடுப்பதில் பெருமை கொண்ட ஆட்களிடம்! முன்னால் ஆளைக் குறைத்து, பின்னால் நிரப்பி, ரிசீவர்கள் பந்தைத் தொட்டவுடன் மோதி வீழ்த்தச் சொன்னார். தாமஸ் 135 யார்டு ஓடினார். பில்ஸ் தோற்றது 20–19. கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் அந்தத் திட்டத்தையே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் அஃபென்ஸ் பந்தை 40 நிமிடம் 33 விநாடி வைத்திருந்தது. ஆனால் மூன்றாம் குவார்ட்டரின் ஒன்பதரை நிமிட சீரிஸை அவசியம் பாருங்கள். மூன்றாம் டவுன், 13 யார்டு தேவை. ஜயன்ட்ஸ் ரிசீவர் மார்க் இங்கிரம் குறுகிய பாஸ் ஒன்றை வாங்கி, பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறி 14 யார்டு எடுத்தார். ஜயன்ட்ஸ் தலைமைக் கோச் பில் பார்செல்ஸின் திட்டம் பந்தை வைத்துக்கொள் என்றது, சரி. அந்த ஒரு யார்டு உபரி எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

21 பிப்ரவரி

"சரி, புதிதாகப் பார்ப்பவன் எதைக் கவனிப்பது?" என்று கேட்டவருக்கு: பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்நாப்புக்கு முன் சேஃப்டிகள் இரண்டு பேரா, ஒருவரா, எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். முதல் குவார்ட்டரில் நின்ற இடத்துக்கும் நான்காம் குவார்ட்டரில் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு எத்தனை பேர் பாய்கிறார்கள் என்று எண்ணுங்கள். 2022 பெங்கால்ஸ் ஆட்டத்தில் இந்த எண்ணிக்கை மூன்றாகக் குறைவதை நீங்களே பிடித்துவிடலாம். நேற்று சீஃப்ஸ்–ஈகிள்ஸ் ஆட்டத்தை இப்படி முழுசாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசிவரை நான்குதான்.